காலைப் பாருங்க... ஊரைச் சொல்லுங்க!

திருப்பூர்ல காங்கேயம் ரோட்டு பஸ்ல ஏறினா, கூட்டத்துல ரெண்டு காலையும் ஒழுங்கா ஊன்றதுக்குள்ள நல்லூர் வந்துடும். 2011 வரைக்கும் தனி நகராட்சி. அப்புறம் மாநகராட்சியோட சேர்த்துட்டாங்க. சந்துக்கு ரெண்டு பனியன் கம்பெனி, ஓவர்லாக் மெஷின் சத்தம், அயர்ன் டேபிள்ல இருந்து வர்ற ஆவி, டீக்கடை பெஞ்சுல தமிழும் இந்தியும் ஒடியாவும் கலந்து கட்டின அரட்டை... இதுதான் நல்லூர். 'இந்த ஊர்ல போய் என்னப்பா டிராவல் ஸ்டோரி?'னு நீங்க கேட்கறது புரியுது. ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் அடுத்த வாரம் பார்த்துக்கலாம். இந்த வாரம் நாம பார்க்கப் போறது ஆமை!

'ஆமை புகுந்த வீடு உருப்படாது'னு பழமொழி சொல்லியே நம்மளை வளர்த்துட்டாங்க. ஆனா கொங்கு நாட்டுல இதுக்கு ஒரு விதிவிலக்கு இருக்கு. ஆமை வீட்டுக்குள்ள வந்தாதான் ஆகாது. கிணத்துக்குள்ள இருந்தா நல்லது! தோட்டத்துக் கிணறுகள்ல ஆமையைக் கொண்டுவந்து விடறது பழைய பழக்கம். நல்லூர்ல கம்பெனிகளுக்குப் பின்னாடி, காம்பவுண்டு சுவர் இடுக்குல இன்னமும் சில பழைய கிணறுகள் மூச்சு விட்டுட்டு இருக்கு. அதுல ஒண்ணைத் தேடித்தான் போனேன்.

கிணத்துக்காரப் பெரியவருக்கு எழுபதைத் தாண்டிய வயசு. "ஆமைங்களா கண்ணு? எங்கப்பாரு காலத்துல வுட்டதுங்க. பாசி, புழு, செத்தது கித்தது எல்லாத்தையும் தின்னுபோடும். தண்ணி கெடாதுங்க. செத்த நேரம் சத்தம் போடாம நில்லுங்க, மேல வரும்"னார்.

நின்னேன். எட்டிப் பார்த்தா நாற்பதடி ஆழத்துல பச்சைத் தண்ணி. ஓரமா காத்துல பறந்து வந்து விழுந்த கட்டிங் வேஸ்ட் துணி, ஒரு கோன் நூல் அட்டை. பத்து நிமிஷம் கழிச்சு, தண்ணிக்கு மேல பென்சில் முனை மாதிரி ஒண்ணு எட்டிப் பார்த்துச்சு. மூக்கு! உடம்பு மொத்தமும் தண்ணிக்குள்ள. மூக்கு மட்டும் வெளியே. ஒரு இழுப்பு இழுத்துட்டு மறுபடி காணோம்.

அந்த மூக்கை வெச்சே ஆளைச் சொல்லிடலாம். அதுதான் பாலாமை. இந்தியா முழுக்கக் குளம், குட்டை, வாய்க்கால், வயல்னு வாழுற மெத்தோட்டு ஆமை.

ஓடு கழட்டுற சட்டை இல்ல!

பாலாமைகிட்ட போறதுக்கு முன்னாடி ஆமையோட பேசிக் டிசைனைப் பார்த்துடலாம். கார்ட்டூன்ல ஆமை ஓட்டைக் கழட்டி வெச்சுட்டுக் குளிக்கப் போகும் பாருங்க, அது சுத்தப் பொய். ஓடுங்கறதே அதோட எலும்புக்கூடுதான். விலா எலும்புகள் பட்டையா விரிஞ்சு, முதுகெலும்போட ஒட்டி, ஐம்பதுக்கும் மேற்பட்ட எலும்புத் துண்டுகள் சேர்ந்து ஒரே பெட்டியா ஆயிடுச்சு. மேல இருக்கற செதில் நம்ம நகம் மாதிரிப் பொருள். அதுக்கடியில உயிருள்ள எலும்பு, நரம்பு, ரத்த ஓட்டம் எல்லாம் உண்டு. ஓட்டுல ஆணி அடிச்சா, ஓட்டை போட்டா வலிக்கும்.

இன்னொரு விஷயம். நமக்குத் தோள்பட்டை எலும்பு விலாவுக்கு வெளியே இருக்கு. ஆமைக்கு மட்டும் விலாக்கூட்டுக்கு உள்ளே! முதுகெலும்புள்ள உயிரினங்கள்ல வேற யாருக்கும் இந்த அமைப்பு கிடையாது. விலா அசையாததால நம்மள மாதிரி நெஞ்சை விரிச்சு மூச்சு விடவும் முடியாது. உடம்புக்குள்ள இருக்கற தசைகளை வெச்சு நுரையீரலை இழுத்து, அமுக்கித்தான் மூச்சு.

சீனாவுல கிடைச்ச, சுமார் 22 கோடி வருஷத்துக்கு முந்தைய ஒரு ஆமைப் படிமத்தைப் பற்றி 2008-ல விஞ்ஞானிகள் எழுதினாங்க. அதுக்கு வயித்துப் பக்கத்து ஓடு முழுசா இருந்துச்சு. முதுகு ஓடு இன்னும் முழுசா வரல. கட்டடம் கட்டுறப்போ பாதியில எடுத்த போட்டோ மாதிரி அது!

இந்த ஒரே பெட்டியை வெச்சுக்கிட்டு ஆமைகள் கிணத்துலயும் வாழுது, முள்காட்டுலயும் வாழுது, நடுக்கடல்லயும் வாழுது. எப்படி? பெட்டி ஒண்ணுதான். இடத்துக்கு ஏத்த மாதிரி மாடல் மட்டும் மாறும்.

கிணத்து மாடல்

பாலாமையோட முதுகுல கெட்டியான செதில் கிடையாது. வழவழன்னு தோல்தான் மூடியிருக்கும். தட்டையான, வெயிட் கம்மியான உடம்பு தண்ணியைச் சுலபமா கிழிச்சுட்டுப் போகும். விரல்களுக்கு நடுவுல சவ்வு. அதுதான் துடுப்பு. ஒவ்வொரு பாதத்துலயும் மூணே மூணு நகம். நீளமான கழுத்து, நுனியில ஸ்ட்ரா மாதிரி மூக்கு. அதனாலதான் தரையில கிடந்தபடியே கழுத்தை மட்டும் நீட்டி மூச்சு இழுக்க முடியுது.

வயித்துப் பக்கம் பின்னாடி ரெண்டு சதை மடல் இருக்கும். ஆபத்துன்னா பின்னங்காலை உள்ளே இழுத்து, மடலை மூடிடும். பேன்ட் பாக்கெட் ஃப்ளாப் ஞாபகம் வருதா? திருப்பூர்ல பொறந்திருந்தா உங்களுக்கு வேற உதாரணமே தேவைப்படாது!

தண்ணிக்குள்ள இருக்கும்போது தோல் வழியாவும் தொண்டைச் சவ்வு வழியாவும் கொஞ்சம் ஆக்சிஜனை எடுத்துக்கும். (இதுலயே ஓவரா போனது ஆஸ்திரேலியாவோட ஃபிட்ஸ்ராய் ஆத்து ஆமை. அது தனக்கு வேண்டிய ஆக்சிஜன்ல பெரும்பங்கைப் பின்பக்கம் வழியா எடுத்துக்குது. சிரிக்காதீங்க, நிஜம்!) கோடையில குளம் வத்திடுச்சுன்னா பாலாமை சேத்துக்குள்ள புதைஞ்சு தூங்கிடும். இல்லேன்னா வேற தண்ணியைத் தேடி ரோட்டைத் தாண்டி நடக்கும். மழைக்காலத்துல ரோட்டுல ஆமை நடந்து வந்தா, அது உங்க வீட்டைக் கெடுக்க வரல. அட்ரஸ் மாத்திட்டு இருக்கு!

பெரியவர் சொன்ன 'செத்தது கித்தது' கதையும் சரிதான். நத்தை, மீன், தவளை, பாசி, செத்த உயிர்கள்னு எல்லாத்தையும் சாப்பிடுற ஆளு.

இதே மாதிரி தண்ணியில இருக்கற இன்னொரு ஆளு கருப்பாமை. இதுக்குக் கெட்டியான ஓடு. முதுகுல நீளவாக்குல மூணு மேடு. விரல் சவ்வு இதுக்கும் உண்டு. வெயில் ஏறினா கல்லு மேல ஏறி உடம்பைச் சூடு பண்ணிக்கும். ஆமையோட உடம்புக்கு உள்ளே ஹீட்டர் கிடையாது. வெயில்தான் சார்ஜர்.

இப்ப கிணத்து ஆமையோட சோகத்துக்கு வருவோம். ஆமை பொதுவா முட்டையைத் தரையில, மண்ணைத் தோண்டித்தான் போடும். கடல்ல வாழுறதுக்கும் இதே ரூல்தான். நேர்க்குத்தா கல் கட்டின கிணத்துல ஏது மண் கரை? அப்பாரு காலத்துல விட்ட ஆமைக்கு அங்கே சோறு இருக்கு, தண்ணி இருக்கு. தொட்டில் இல்ல. பெரியவர்கிட்ட இதைச் சொன்னப்போ கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். "அப்ப அது ஒத்தையாளாவே கெடந்துருக்குதுங்களா?"ன்னு கேட்டார். அந்தக் கிணத்தையும் கூடிய சீக்கிரம் மூடிட்டு குடோன் கட்டறதா வீட்ல பேச்சு ஓடுதாம். 'ஆமையை என்ன பண்றது?'ங்கறதுதான் அவரோட கவலை. பேரன் பட்டுனு ஒரு ஐடியா சொன்னான். "குளத்துல விட்டுடலாம் தாத்தா!"

எந்தக் குளம்?

திருப்பூர்க்காரங்களுக்குக் குளம்னா முதல்ல ஞாபகம் வர்றது ஊத்துக்குளி ரோட்டுப் பக்கம் இருக்கற நஞ்சராயன் குளம். ஏறக்குறைய 126 ஹெக்டேர். நல்லாறு வழியா தண்ணி வருது. பல நூறு வருஷத்துக்கு முன்னாடி நஞ்சராயன்ங்கற ராஜா செப்பனிட்டதால இந்தப் பேர்னு சொல்றாங்க. 2022-ல இதைப் பறவைகள் சரணாலயமா தமிழக அரசு அறிவிச்சுது. மாநிலத்தோட 17-வது சரணாலயம். 2024 ஆகஸ்ட்ல ராம்சர் பட்டியல்ல இடம் பிடிச்சதும் சேதி உலகத்துக்கே தெரிஞ்சுது. 191 வகைப் பறவைகள், 87 வகைப் பட்டாம்பூச்சிகள், 21 வகை ஊர்வன இங்கே இருக்கறதா அப்போ வெளியான கணக்கு சொல்லுது. சைபீரியா, இமயமலைன்னு பெரிய பெரிய ஊர் பேரைச் சொல்லிப் பறவைகளுக்கு கேமராவைத் தூக்கறோம். அந்த 21-ஐ எத்தனை பேர் கவனிக்கறோம்?

குளத்துக் கரையில நின்னா கிணத்துக்கும் குளத்துக்கும் என்ன வித்தியாசம்னு கண்ணுக்கே தெரியுது. ஆழம் கம்மியான ஓரம், சேறு, கோரைப்புல், வெயில் காய மண் திட்டு. அதாவது சாப்பாட்டு அறை, படுக்கையறை, பிரசவ வார்டு எல்லாம் ஒரே வளாகத்துல. தண்ணி ஆமைக்குத் தண்ணி மட்டும் போதாது. தண்ணியும் தரையும் சேர்ற அந்த ஈர விளிம்பு வேணும். குளத்தை 'அழகுபடுத்தறோம்'னு கரை முழுக்க செங்குத்தா கான்கிரீட் போட்டா, அது பெரிய சைஸ் கிணறா ஆயிடும். அவ்வளவுதான்.

காங்கேயம் பக்கம் போனா மாடல் வேற!

நல்லூர்ல இருந்து அதே ரோட்டுல கிழக்கே போய்க்கிட்டே இருந்தா சீன் மாறும். கம்பெனி குறையும். கிளுவை வேலி போட்ட கொரங்காடு வரும். கொழுக்கட்டைப்புல், வெள்வேல மரம், நடுவுல கம்பீரமா ஒரு காங்கேயம் காளை. மழை குறைவான, வறண்ட பூமி. இப்படிப்பட்ட புல்வெளிக்கும் முள்காட்டுக்கும்னு செஞ்ச மாடல்தான் நட்சத்திர ஆமை. மாவட்டத்தோட தெற்கு எல்லையில உடுமலைப்பேட்டை - மூணாறு ரோட்டைப் பிடிச்சா வர்ற சின்னாறு சரணாலயம், இந்த ஆமைக்குப் பேர் போன இடம். கடத்தல்காரங்ககிட்ட இருந்து மீட்ட நட்சத்திர ஆமைகளை அங்கே கொண்டுபோய் விட்டிருக்காங்க.

இதோட காலைப் பாருங்க. சவ்வு கிடையாது. குட்டி யானைக்கால்! தூண் மாதிரி நேரா நின்னு வெயிட்டைத் தாங்கும். முன்னங்கால்ல கவசம் மாதிரி தடிச்ச செதில். முதுகு தட்டை இல்ல, கோபுரம் மாதிரி உயர்ந்த ஓடு. கருப்பு மேல மஞ்சள் கோடுகள். கையில எடுத்துப் பார்த்தா 'பளிச்'னு இருக்கற அந்த டிசைன், காய்ஞ்ச புல்லுக்குள்ள வெயிலும் நிழலும் விழுற இடத்துல வெச்சா காணாமப் போயிடும்.

இந்த இடத்துல என்ஜினீயரிங் மக்கள் காதைத் தீட்டிக்கோங்க. ஆமை மல்லாந்து விழுந்தா என்ன ஆகும்? தட்டை ஆமை கழுத்தைத் தரையில ஊன்றி எம்பித் திரும்பும். குட்டைக் கழுத்து நட்சத்திர ஆமைக்கு அது கஷ்டம். அதுக்கு ஓட்டோட வடிவமே உதவி பண்ணுது. ஹங்கேரியைச் சேர்ந்த காபோர் டொமோகோஸ், பீட்டர் வார்கோனின்னு ரெண்டு பேர் 2006-ல 'கோம்போட்ஸ்'னு ஒரு வடிவத்தை உருவாக்கினாங்க. உள்ளே வெயிட் எதுவும் ஒளிச்சு வைக்காம, எப்படிப் போட்டாலும் தானா ஒரே நிலையில வந்து நிக்கும். அதுக்கு ஒரே ஒரு நிலையான சமநிலைப் புள்ளிதான். தஞ்சாவூர் தலையாட்டி பொம்மைக்கு அடியில வெயிட் உண்டு, இதுக்கு அதுகூட இல்ல! அப்புறம் ஆமை ஓடுகளை அளந்து பார்த்தாங்க. அந்த வடிவத்துக்கு ரொம்பப் பக்கத்துல வந்தது எது தெரியுமா? நம்ம ஊரு நட்சத்திர ஆமை! கணக்குப் புலிகள் மண்டையை உடைச்சுக் கண்டுபிடிச்சதை இது முள்காட்டுல சுமந்துக்கிட்டு சும்மா மேய்ஞ்சுட்டு இருந்திருக்கு.

தண்ணிக்கு என்ன பண்ணும்? நில ஆமைகளுக்கு இலை, பழத்துல இருக்கற ஈரமே பெரிய சப்போர்ட். அமெரிக்கப் பாலைவன ஆமை தன்னோட சிறுநீர்ப்பையைத் தண்ணித் தொட்டியா வெச்சிருக்கு. அதைத் தூக்கிப் பயமுறுத்தினா சிறுநீரை விட்டுடும். நாம 'சீ'ன்னு கையை உதறுவோம். அதுக்கோ பல மாசச் சேமிப்பு காலி.

இடம் ஓட்டை எப்படியெல்லாம் மாத்தும்னு பார்க்க கலபகோஸ் தீவுகளுக்குப் போகணும். பச்சைப் புல் இருக்கற தீவுகள்ல ஆமை ஓடு கவிழ்த்த சட்டி மாதிரி. வறண்ட தீவுகள்ல கள்ளிச் செடியை எட்டிப் பிடிக்க, கழுத்துக்கு மேல ஓடு குதிரைச் சேணம் மாதிரி தூக்கிக்கிட்டு நிக்கும். ஆப்பிரிக்காவுல ஒரு ஆமை அடை மாதிரி தட்டை. ஓடும் கொஞ்சம் வளையும். ஆபத்துன்னா ஓட்டுக்குள்ள போகாது, பாறை இடுக்குக்குள்ள ஓடிப்போய் சிக்கிக்கும்!

டீக்கடையில கடல்

நல்லூர் டீக்கடையில இதையெல்லாம் போன்ல நண்பனுக்குக் காட்டிட்டு இருந்தேன். பக்கத்துல டீ குடிச்சுட்டு இருந்த ஒரு டெய்லர் எட்டிப் பார்த்தார். ஒடிசாவுல கஞ்சாம் மாவட்டமாம். "அண்ணா, எங்க ஊர்ல இது லட்சம் வரும். கடல்ல இருந்து வரும்"னார். பாதித் தமிழ், மீதி கை ஜாடை.

அவர் சொன்னது ருஷிகுல்யா ஆத்து முகத்துவாரத்தை. 2025 பிப்ரவரியில மட்டும் அங்கே 6 லட்சத்துக்கும் மேல பங்குனி ஆமைகள் முட்டை போட வந்துச்சு. இதே பங்குனி ஆமைதான் சென்னைக் கடற்கரைக்கும் வருது. 1988-ல இருந்து ராத்திரி ராத்திரியா பீச்சுல நடந்து அந்த முட்டைகளைக் காப்பாத்திட்டு இருக்கற அமைப்பை ஆரம்பிச்சது யார் தெரியுமா? நம்மள மாதிரி மாணவர்கள்!

கடல் மாடலோட காலைப் பாருங்க. விரலே வெளியே தெரியாது. மொத்தக் கையும் துடுப்பு. பறவை இறக்கை அடிக்கிற மாதிரி தண்ணிக்குள்ள பறக்கும். தலையையும் காலையும் ஓட்டுக்குள்ள இழுக்க முடியாது. வேகத்துக்காகப் பாதுகாப்பை விட்டுக்கொடுத்த டீல் அது. ஏழுவரி ஆமைக்கு கெட்டி ஓடே கிடையாது. தோல் போர்த்தின முதுகுல ஏழு வரி. ஆயிரம் மீட்டருக்கும் கீழே முங்கும் சாமர்த்தியசாலி.

கரைக்கு வந்த கடல் ஆமை கண்ணீர் விடறதைப் பார்த்து 'பிரசவ வலி'ன்னு உருகுவாங்க. உண்மையில அது உப்பு. கடல் தண்ணியோட உள்ளே போற உப்பைக் கண்ணுக்குப் பக்கத்துல இருக்கற சுரப்பி வடிகட்டி வெளியே தள்ளுது. நடமாடும் சுத்திகரிப்பு நிலையம்!

உப்புன்னு சொன்னதும்...

திருப்பூர்க்காரங்களுக்கு உப்புன்னா வேற ஒரு ஞாபகம் வரணும். பருத்தித் துணியில சாயம் பிடிக்க உப்பு போடுவாங்க. வேலை முடிஞ்சதும் அந்த உப்பு சாயத் தண்ணியோட வெளியே வரும். வருஷக்கணக்கா அது நொய்யலுக்குப் போச்சு. பாசனத்துக்காக 1992-ல திறந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவு தேங்குற தொட்டியா மாறிப்போச்சு. 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும், ஒரு சொட்டுக் கழிவு நீர்கூட வெளியே விடாத சுத்திகரிப்பு முறைக்குத் தொழில் மாற வேண்டியிருந்ததும் ஊரறிஞ்ச கதை.

இந்தக் கதையை விவசாயி பக்கம் நின்னு கேட்டிருக்கோம். முதலாளி பக்கம், தொழிலாளி பக்கம் நின்னும் கேட்டிருக்கோம். ஆமை பக்கம் நின்னு ஒரு தடவை யோசிங்க. கடல் ஆமைக்கு உப்பை வெளியே தள்ள மெஷின் இருக்கு. கிணத்து ஆமைக்கு அப்படி ஒரு மெஷின் இல்ல. கோடிக்கணக்கான வருஷமா நல்ல தண்ணியிலயே இருந்த உடம்புக்கு அது தேவைப்படல. முப்பது நாற்பது வருஷத்துல நாம தண்ணியை மாத்திட்டோம். அவ்வளவு சீக்கிரம் அது உடம்பை மாத்த முடியாது. 'சூழலுக்கு ஏத்த உடம்பு'ங்கறது பெரிய பலம்தான். சூழல் மாறினா அதுவே பெரிய சிக்கல்.

ஒரே பேர், வேற வேற ஊர்

நம்ம தமிழ்ல எல்லாத்துக்கும் 'ஆமை'ன்னு ஒரே பேர். அதனாலயே ஒரு ஆபத்து இருக்கு. ஆமைன்னா தண்ணியில விடணும்னு நினைச்சு, நட்சத்திர ஆமையைக் கிணத்துல போட்டா அது மூழ்கிச் செத்துடும். தூண் கால் நீந்தாது. அக்வாரியக் கடையில வாங்கின, காதோரம் சிவப்புக் கோடு போட்ட குட்டி ஆமை வளர்ந்ததும் குளத்துல விடறது இன்னொரு தப்பு. அது அமெரிக்க இனம். நம்ம ஊர் ஆமையோட சாப்பாட்டுலயும் இடத்துலயும் பங்கு கேட்கும். நோயையும் கொண்டுவரலாம்.

அதனால ஆமையைப் பார்த்தா முதல்ல காலைப் பாருங்க. விரலும் சவ்வும் இருந்தா குளம், குட்டை. தூண் மாதிரி இருந்தா காடு, புல்வெளி. துடுப்பா இருந்தா கடல். பார்த்துட்டு நீங்களே கொண்டுபோய் விடவும் வேண்டாம். வனத்துறைக்குச் சொல்லுங்க. பாலாமையும் நட்சத்திர ஆமையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் பட்டியல்ல இருக்கு. ராசிக்காகவோ ஆசைக்காகவோ வீட்ல வெச்சிருந்தா குற்றம். நட்சத்திர ஆமையை நாடு விட்டு நாடு வியாபாரம் பண்றதுக்கு 2019-ல உலக அளவுலயே தடை வந்தாச்சு.

இதைத்தான் பெரியவர்கிட்டயும் சொன்னேன். கிணத்தை மூடறதுக்கு முன்னாடி வனத்துறைக்குத் தகவல் சொல்லிடறேன்னு ஒத்துக்கிட்டார். பேரன் முகத்துல கொஞ்சம் ஏமாற்றம். அவனுக்குக் கையில தூக்கிட்டுப் போகணும்னு ஆசை!

நல்லூர் மாதிரி ஊர்கள்ல இன்னும் எத்தனை கிணறு மிச்சம் இருக்குன்னு உங்க தெருவுல இருந்தே எண்ண ஆரம்பிக்கலாம். காலேஜ்ல என்.எஸ்.எஸ். கேம்ப்புக்கு என்ன புராஜெக்ட்னு தேடிட்டு இருந்தா, இதோ ஒண்ணு ரெடி. கிணத்துக்குப் போனா கல்லைத் தூக்கிப் போடாதீங்க. பத்து நிமிஷம் சத்தமில்லாம நில்லுங்க. கீழே ஒரு மூக்கு எட்டிப் பார்த்தா, அந்தத் தண்ணியில இன்னும் உயிர் இருக்குன்னு அர்த்தம்.